தொண்ணூற்றைந்து சதவீதக் கறுப்பு

ஒரு காதைத் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அதன் ஓரத்தில் கறுப்பு அடித்துக்கொண்டிருக்கிறார் சவரிராயன். அரைமணி நேரமாக இதே காதுதான். காதுக்குச் சொந்தக்காரர் ஏதோ ஒரு சங்கத்தின் துணைத் தலைவர். பிறந்தநாள் பேனருக்காக வந்தவர், பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தன் காதைத் தானே அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். சவரிராயன் மவுசைத் தூக்கி அதன் அடியில் 'ப்பூ' என்று ஊதுகிறார். மறுபடி வைக்கிறார். இன்னும் இரண்டு புள்ளி கறுப்பு. "காதுல இருக்கற முடியக்கூட ஒண்ணொண்ணா தனியா எடுத்துருக்கேன் பாருங்க. இந்த ஊர்ல எவன் செய்வான் இத?" என்கிறார். கடையில் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். தன் காதில் முடி இருக்கும் சங்கதி இத்தனை பேர் முன்னால் வெளியாகியிருக்க வேண்டாம் என்று துணைத் தலைவரின் முகம் சொல்கிறது.

காந்தி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் 'ரூபி டிஜிட்டல்' என்று நீலப் பலகை தொங்கும் கடை அவருடையது. ரூபி அவர் மனைவி. எதிர்க்கடை என்னுடையது, ஜெராக்ஸும் லேமினேஷனும். அவர் கடையின் கண்ணாடிக் கதவுக்கும் என் இயந்திரத்துக்கும் நடுவே எட்டடி இருந்தால் அதிகம். ஏழு வருஷமாக வேண்டுமென்றாலும் வேண்டாமென்றாலும் நான் பார்ப்பது இந்த மனிதரின் முதுகையும் அவர் திரையையும்தான். ஆகவே இவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. என்னைவிட எரிச்சலுள்ள ஆளும் கிடையாது.

வயது நாற்பத்தாறு. சட்டைப் பையில் இரண்டு பேனா, இரண்டும் எழுதாது. அப்பா பிரெஞ்சு நாளில் ஏதோ அலுவலகத்தில் இருந்தாராம். அந்த உரிமையில் ஒவ்வொரு வேலை முடிந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளி, கையை விரித்து, 'இதோ பார்' என்பதைப் பிரெஞ்சில் "வொலா!" என்பார். வாடிக்கையாளர் நல்ல சட்டை போட்டிருந்தால் பிரெஞ்சு மரியாதையாக "முசியே", சாதாரணச் சட்டை என்றால் "இன்னாபா". என்னை "முசியே" என்று கூப்பிடுவது கிண்டலுக்கு. அது கிண்டல் என்பதை மற்றவர்களுக்கும் தெரியும்படியாகவே கூப்பிடுவார்.

அவருக்கு ஒரு மதம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போவது குடும்ப மதம். மற்ற ஆறு நாளும் மாஸ்க். போட்டோஷாப் தெரியாதவர்களுக்காகச் சொல்லித் தொலைக்கிறேன். கம்ப்யூட்டரில் ஒரு படத்தில் ஓர் ஆள் வேண்டாம் என்றால் இரண்டு வழி. ஒன்று, ரப்பர் போட்டு அழிப்பது. அழித்தால் போயிற்று, திரும்ப வராது. இன்னொன்று, படத்தின் மேல் ஒரு திரை விரிப்பது. அதுதான் மாஸ்க். திரையில் கறுப்பு அடித்த இடத்தில் படம் மறையும், வெள்ளை அடித்த இடத்தில் தெரியும். சாம்பல் அடித்தால் அந்தச் சாம்பல் எவ்வளவு இருட்டோ அவ்வளவுக்கு மறையும், மிச்சம் லேசாகத் தெரியும். எது மறைந்தாலும் அடியில் படம் அப்படியே இருக்கும். இவ்வளவுதான் சமாசாரம். இதை ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளலாம். சவரிராயனோ இது தனக்கு மட்டும் காதில் ஓதப்பட்டது போல நடந்துகொள்வார்.

"அழிக்கறது எவன் வேணாலும் செய்வான். அழிக்காம மறைக்கறவன்தான் டிசைனரு" என்று ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது சொல்வார். பக்கத்து வீதியில் ஒருவர் ரப்பர் போட்டு வேலை செய்கிறார் என்பது தெரிந்த நாளிலிருந்து அவரோடு பேச்சில்லை. எதிரே வந்தால் இவர் அடுத்த சந்தில் திரும்பிவிடுவார். அந்த மனிதருக்குக் காரணமே தெரியாது. ஏதோ சாதிக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் பாவம்.

சரி, இத்தனை ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு வருகிற படம் எப்படி இருக்கும்? எல்லார் முகமும் தோலுரித்த உருளைக்கிழங்கு நிறம். கறுப்பாகப் பிறந்தவர், அதுவும் மீன்பிடித் துறைமுகத்தில் வேலை செய்கிறவர், பேனரில் பிரெஞ்சு தூதரகத்து ஆள் மாதிரி நிற்பார். தலைமுடியைச் சுற்றிப் பஞ்சு ஒட்டினாற்போல ஒரு வெள்ளை வளையம். அதற்குப் பெயர் 'சாஃப்ட்'. பின்னணி எப்போதும் மேகம். காதுகுத்தா, மேகம். மஞ்சள் நீராட்டா, மேகம். வட்டச் செயலாளருக்கு வாழ்த்தா, அவரும் மேகத்தில்தான் வேட்டியோடு நிற்பார். ஏன் எப்போதும் மேகம் என்று ஒரு நாள் கேட்டேன். வெள்ளையில் விளிம்புத் தப்பு தெரியாது என்பது எனக்கும் தெரியும். அவர் சொன்ன பதில் வேறு. "மேகத்துல வெச்சா எவனுக்கும் ஒரு மரியாத வருது முசியே."

மேகத்துக்கு எங்கள் ஊரில் இன்னொரு வேலையும் உண்டு. கல்யாணப் பேனரில் பெண்ணும் மாப்பிள்ளையும் கீழே நிற்பார்கள். அந்த வீட்டில் இறந்துபோனவர்கள் மேலே மேகத்துக்குள் மங்கலாக, கழுத்தில் மாலையோடு சிரிப்பார்கள். ஆசீர்வாதம் பண்ணுகிறார்களாம். கீழே பெயர் போட வேண்டியதில்லை. மங்கலாக, மாலையோடு, மேகத்தில் ஒரு முகம் இருந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

ஆனால் சவரிராயனிடம் வருகிற கூட்டத்தில் பாதி, ஆளைச் சேர்க்க வருவதில்லை. எடுக்க வருகிறது. பாகப்பிரிவினையில் சண்டை போட்ட தம்பியைக் குடும்பப் படத்திலிருந்து எடுக்கணும். ஓடிப்போன மருமகளை எடுக்கணும். கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படத்தில் குழந்தைக்குப் பின்னால் நிற்கும் ஞானத்தகப்பன் பிறகு வேறு சபைக்குப் போய்விட்டான், அவனை எடுக்கணும். நேரே அந்த ஆளிடம் போய் இரண்டு வார்த்தை பேசித் தீர்த்துக்கொள்ளத் துப்பில்லாதவர்கள் எல்லாம் ஒரு பழைய போட்டோவை மடித்து எடுத்துக்கொண்டு இந்தச் சந்துக்குள் நுழைகிறார்கள். "யாரு, இவரா? எடுத்துடலாம்" என்பார் சவரிராயன், பல் பிடுங்குகிற டாக்டர் மாதிரி.

இங்கேதான் இந்த மனிதரின் பெரிய பைத்தியக்காரத்தனத்துக்கு வருகிறேன். உயிரோடு இருக்கும் மனுஷர் மேல் அவர் முழுக் கறுப்பு அடிக்க மாட்டார். தொண்ணூற்றைந்து சதவீதம்தான் அடிப்பார். காரணம் கேளுங்கள். கடை திறந்த வருஷம் ஒருவரை அவருடைய அண்ணன் சொல்படி நூற்றுக்கு நூறு கறுப்பு அடித்து எடுத்தாராம். ஒன்பதாம் நாள் அந்த மனிதர் செத்துப்போனாராம். "நான்தான் அடிச்சேன்" என்று இன்றைக்கும் குரல் தாழ்த்திச் சொல்வார். அந்த மனிதரை எனக்கும் தெரியும். வீட்டைவிடச் சாராயக் கடையில் அதிகம் குடியிருந்தவர். கல்லீரல் என்று ஒன்று அவருக்குள் மிச்சம் இருந்ததாகவே டாக்டர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கொன்றது இவருடைய மவுஸாம்.

"அதுலேர்ந்து தொண்ணூத்தஞ்சுதான். அஞ்சு பர்சென்ட் உயிர் இருக்கட்டும். நம்மளால ஒருத்தன் போனான்னு இருக்கக் கூடாது பாரு." இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு கருணை வரும் பாருங்கள், எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும்.

விளைவு என்ன? இந்த ஊரில் எத்தனையோ வீட்டுச் சுவரில், எடுக்கப்பட்ட தம்பிகளும் மருமகள்களும் ஞானத்தகப்பன்களும் ஐந்து சதவீதம் நின்றுகொண்டிருக்கிறார்கள். சின்னப் படத்தில் அவ்வளவாகத் தெரியாது. தண்ணீர் பட்ட கறை மாதிரி இருக்கும். யாராவது கொண்டுவந்து காட்டினால், "கண்ணாடிய தொடைங்க, தூசி" என்று அனுப்பிவிடுவார். அவருடைய திரையில் அது தெரியவும் தெரியாது. கண் கூசுகிறது என்று அந்தப் பழைய பெட்டி மானிட்டரின் வெளிச்சத்தை அவர் குறைத்தே வைத்திருப்பார். அவர் வீட்டுக் கூடத்தில் ரூபியின் தம்பி ஜெஸ்வினும் அப்படித்தான் இருக்கிறான், கல்யாணப் படத்தில், கேக்குக்குப் பின்னால். ரூபி என்னிடம் ஒரு நாள் ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது சொன்னாள்: "எந்தம்பிகூட இவுருக்கு சண்ட வந்து எடுத்தாரு. நா தெனம் காப்பி குடிக்கறப்ப அவன பாத்துக்குறேன். இவுருக்குத்தான் தெரியல."

மூலக்குளத்திலிருந்து பூர்ணிமா வந்தது போன ஆவணியில், இரண்டாயிரத்து ஏழில். கதிர்காமம் பக்கம் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். தன் கல்யாணப் பேனருக்காக, துணைக்கு யாரும் இல்லாமல் தனியாக வந்தாள். ஒரு போட்டோவை நெஞ்சோடு அணைத்த கைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். திருப்புவதற்கு முன்னால் கடையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். நான் எட்டடி தள்ளி என் கடையில் இருந்ததை அவள் கணக்கில் எடுக்கவில்லை.

அது அவளுடைய நிச்சயதார்த்தப் படம். பக்கத்தில் ஓர் இளைஞர், கழுத்தில் மாலை, வாய் கொள்ளாத சிரிப்பு. காலாப்பட்டுக்காரர். நிச்சயம் முடிந்து நான்கு மாதத்தில் அவருக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள ஒரு பெண் கிடைத்தாள். அவ்வளவுதான். இந்த ஊரில் அந்த ஒரு காகிதத்துக்கு முன்னால் நிச்சயதார்த்தம் எந்த மூலைக்கு? ஆள் இப்போது பாரீசில் இருக்கிறார். இரண்டு வருஷம் கழித்து, நெய்வேலிப் பக்கம் அன்பழகன் என்று ஒரு மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. அந்த வீட்டாருக்கு முதல் நிச்சயம் நின்றுபோன விஷயம் தெரியாது. சொல்லிவிடலாமா என்று அவள் கேட்டிருக்கிறாள். அப்பா நாராயணசாமி தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டார். ராசியில்லாதவள் என்று இதுவும் நின்றால் உயிரோடு இருக்கமாட்டேன் என்று வேறு சொன்னாராம். இவ்வளவையும் அவள் மெதுவாகத்தான் சொன்னாள். சந்து குறுகலானது, எனக்குக் கேட்டது.

வேறு படம் இல்லையா என்று கேட்டார் சவரிராயன். அந்த ஒன்றாவது கேட்டாரே.

"இதுலதாண்ணா நான் சிரிச்சிருக்கேன். அப்புறம் எடுத்ததுலல்லாம் பல்லுதான் தெரியுது" என்றாள் பூர்ணிமா. பிறகு, "அவன் சுத்தமா இருக்கக் கூடாது. துளிகூட. நாளைக்கு அவங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் பாப்பாங்க" என்றாள்.

"எங்கிட்ட குடுத்துட்டல்ல, மறந்துடு" என்றார்.

இரண்டு நாள் அதில் உட்கார்ந்தார். இளைஞரின் சட்டைக் கை அவள் தோளோடு ஒட்டியிருந்தது. அந்த இடத்தைப் பெரிதாக்கி, புடவைச் சரிகையை இழை இழையாகப் பிரித்து எடுத்தார். அதில் குறை சொல்ல மாட்டேன், கை நடுங்காத ஆள். அவளுக்கு இந்தப் பக்கம் அன்பழகனை ஒட்டவைத்தார். அந்தப் பக்கம், பழைய ஆள் நின்ற இடம் முழுக்க மேகம். இரண்டாம் நாள் சாயங்காலம் நானே எழுந்துபோய்ச் சொன்னேன். இது மற்றது போல இல்லை, அந்தப் பெண்ணுக்கு இதில் வாழ்க்கையே இருக்கிறது, இதற்காவது நூறு அடித்துவிடுங்கள் என்றேன். சொன்னேனா இல்லையா என்று ரூபியைக் கேளுங்கள், அவளும் அங்கேதான் நின்றாள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பாரீசுல நல்லா இருக்கற புள்ள முசியே. அது யாரு பெத்ததோ. நா எதுக்கு அந்தப் பாவத்த கட்டிக்கணும்?" அவளை நடுத்தெருவில் விட்டுப் போனவனுக்காக இந்தக் கருணை! தொண்ணூற்றைந்தே அடித்தார். நாற்காலியைத் தள்ளினார். "வொலா!"

பேனர் அச்சடிப்பது வேறு இடத்தில், பெரிய மிஷினில். ஃப்ளெக்ஸில் எல்லாப் படமும் வெளிறிப்போகும் என்று அந்த மிஷின்காரர்கள் நிறத்தின் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டுத்தான் அடிப்பார்கள். அது தொழில் தெரிந்த எவருக்கும் தெரியும். சவரிராயனுக்கும் தெரியும். ஆனால் தன்னிடமிருந்து போகிற ஃபைலை எவன் தொடுவான் என்ற திமிர். பேனரோ பன்னிரண்டடிக்குப் பத்தடி.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ரிசப்ஷன். அன்று மத்தியானம் நாலு மணிக்கு சவரிராயனின் செல்போன் அடித்தது. அவர் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார், ஊருக்கே தன் பெருமை கேட்கவேண்டும் என்று. பூர்ணிமாவின் குரல் வந்தது.

"அண்ணா, அவன் நிக்கிறான்."

யார் என்று கேட்டார் இந்த மனிதர்.

"மண்டபத்து வாசல்ல பேனர் கட்டியிருக்காங்க. அவன் நிக்கிறான்ணா. சிரிக்கிறான். அவங்க வேன் வந்துகிட்டிருக்குது."

கடையைக்கூடச் சாத்தாமல் என்னிடம் ஓடிவந்தார். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ போயிருந்தது. ஒட்டுகிற வெள்ளைக் காகிதம் ஒரு சுருள் வேண்டுமாம், மேகம் மாதிரி வெட்டி மேலே ஒட்டிவிடலாமாம். சுருளை நான் பிடித்துக்கொண்டு அவர் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்தேன். ஏன் போனேன் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெண்ணின் குரலுக்காகப் போனேன். நெல்லித்தோப்பு, இந்திரா காந்தி சதுக்கம், ரெட்டியார்பாளையம் என்று வழி நெடுக அவர் மிஷின்காரனைத் திட்டிக்கொண்டே வந்தார். தன்னை ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை.

மூலக்குளத்தில் மண்டபத்து வாசலில் வேன் இரண்டு ஏற்கனவே நின்றன. ஆட்கள் இறங்கிவிட்டார்கள். நான் அண்ணாந்து பார்த்தேன். அம்மாடி! கறையாவது தூசியாவது. பூர்ணிமாவின் இடது பக்கம், மேகத்துக்குள்ளே, ஏழடி உயரத்துக்கு ஓர் ஆண். மீசை தெரிகிறது. சட்டைப் பொத்தான் தெரிகிறது. கழுத்தில் மாலை, பூப்பூவாகத் தெரிகிறது. வாய் கொள்ளாத சிரிப்பு.

பேனருக்கு நேர்கீழே மாப்பிள்ளையின் தாயார் சின்னப்பாப்பா, நெற்றியில் கை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு அந்த உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிப் பத்துப் பதினைந்து பெண்கள், கையில் சீர்த்தட்டு. பக்கத்தில் நாராயணசாமி. மண்டபத்து முதல் மாடி ஜன்னலில், பாதி அலங்காரத்தில், பூர்ணிமா கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"யாரு சம்மந்தி இது?" என்று கேட்டார் சின்னப்பாப்பா.

நாராயணசாமி எங்களைப் பார்த்தார். சவரிராயனுக்கு அங்கே ஒரு வார்த்தை போதும். "என் தப்பும்மா, வேற ஒரு வீட்டுப் படம் இதுல கலந்துபோச்சு" என்று சொல்லியிருக்கலாம். முக்கால்வாசி நம்பியிருப்பார்கள். ஊரில் எந்தப் பேனரில் தப்பு இல்லை? சிரித்துவிட்டு உள்ளே போயிருப்பார்கள். நான் அவர் முழங்கையை இடித்தேன். தன் மாஸ்கில் தப்பு என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டுமே! அதைச் சொல்வதைவிட ஓர் ஆளைச் சாகடிப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

"பொண்ணுக்கு அண்ணன் முறைங்கம்மா. பெரியப்பா புள்ள" என்றார். குரலில் ஒரு கனிவு வேறு. "தவறிட்டாரு. அதான் மேகத்துல வெச்சிருக்கேன்."

கூட்டத்தில் 'த்சோ' என்று ஒரு சத்தம். சின்னப்பாப்பா நெற்றியிலிருந்த கையை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டார். இந்தச் சின்ன வயதிலா, எப்படி என்று கேட்டார். சவரிராயனுக்குச் சூடு பிடித்துவிட்டது. காலாப்பட்டுக்குப் பக்கத்தில் வண்டியில் போகும்போது என்றார். லாரி என்றார். ஸ்பாட்டிலேயே என்றார். கல்லூரியில் முதலாவதாக வந்த பையன் என்று அவரே ஒரு பட்டமும் கொடுத்தார். ஐந்து சதவீத உயிர் விட்டுவைத்த புண்ணியவான், பாரீசில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும் ஆளை மூலக்குளத்தில் நின்றுகொண்டு எலும்பு எலும்பாக நொறுக்கிவிட்டார். நாராயணசாமி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

நல்ல பெண்பிள்ளை அந்தச் சின்னப்பாப்பா. அதுதான் வினையாகப் போயிற்று. "இம்மாங் களையான புள்ளய வாசல்ல நிக்க வெச்சிட்டு நாம பாட்டுக்கு உள்ள போறதா?" என்றார். சீர்த்தட்டிலிருந்து கற்பூரம் எடுக்கச் சொன்னார். தேங்காய் ஒன்று வந்தது. மகனைக் கூப்பிட்டார். பெண்ணையும் கீழே கூட்டிவரச் சொன்னார். மேடை ஏறுவதற்கு முன்னால் அண்ணனைக் கும்பிட்டுவிட்டு ஏறட்டும் என்றார். வேண்டாம் என்று எந்த வாய் சொல்லும்?

பூர்ணிமாவை இரண்டு பெண்கள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். படியில் இறங்கும்போதே என்ன நடந்திருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். முகம் வெளுத்திருந்தது. எங்களை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொண்டிருப்பேன் என்று தெரியவில்லை. பேனருக்குக் கீழே அன்பழகனுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். தட்டில் கற்பூரம் எரிந்தது. தெருவில் போன ஒரு பஸ்கூட மெதுவாகப் போயிற்று.

"பேரச் சொல்லி கும்புடணும். பேரு இன்னாம்மா அண்ணனுக்கு?" என்று கேட்டார் சின்னப்பாப்பா.

நாராயணசாமி அவசரமாக, "கோ… கோ…" என்று ஏதோ ஒரு பெயரைத் தேடினார். கிடைப்பதற்குள் பூர்ணிமா சொல்லிவிட்டாள்.

"செல்வகுமார்."

சத்தமாகத்தான் சொன்னாள். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாத பெயர். நாராயணசாமி கண்ணை மூடிக்கொண்டார். அவள் தலையை நிமிர்த்தி அந்த மேகத்துக்குள் சிரித்துக்கொண்டிருக்கும் முகத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு அழுதாள். கல்யாணப் பெண்கள் அழுகிற அழுகை இல்லை அது. வயிற்றிலிருந்து வந்தது. மை, பவுடர், செய்த அலங்காரம் அத்தனையும் கரைந்து ஓட ஓட அழுதாள். இரண்டு வருஷமும் அப்பா முன்னால் அழ முடியாதது, பள்ளிக்கூடத்தில் அழ முடியாதது எல்லாம் சேர்ந்து அந்த வாசலில் கொட்டியது. எனக்குத் தாங்கவில்லை. அவளுக்குச் செய்தது அநியாயம் என்று உரக்கக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. நானும் ஒரு கோழைதான்.

"அழுதுடும்மா, அழுதுடு. அண்ணன் பாத்துகிட்டுதான் இருக்காரு" என்று சின்னப்பாப்பா அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவருக்கும் கண்ணில் தண்ணீர். அன்பழகன் நல்ல பையன். தன் கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினான். பிறகு மேகத்தைப் பார்த்துக் கை கூப்பி, கண்ணை மூடி, உதடு அசைய நெடுநேரம் என்னமோ வேண்டிக்கொண்டான். இவளை நன்றாக வைத்துக்கொள்கிறேன் என்றுதான் இருக்கும். ஒவ்வொருவராகக் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள். தட்டு எங்கள் பக்கமும் வந்தது.

அப்போதாவது இந்த மனிதர் முகத்தில் கொஞ்சம் வெட்கம் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். சவரிராயன் குனிந்து, இரண்டு கால் செருப்பையும் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்துவிட்டு, பேனரைப் பார்த்துக் கை கூப்பினார்.